பாட்டன் மலை

கேள்வி: இந்தோனேசியாவில் மெராபி எரிமலைச் சரிவிலேயே ஊர் ஊராகக் குடியிருக்கிறார்களாமே, பயமே இல்லையா?

பதில்: பயமும் இருக்கிறது, பயிரும் இருக்கிறதே! மெராபி கக்கும் சாம்பல்தான் காலப்போக்கில் அருமையான மண்ணாகிறது. பாம்புத்தோல் போர்த்திய சலாக் பழம் அங்கே தோட்டம் தோட்டமாக விளைகிறது. சோறு போடும் மலையை விட்டு யார் போவார்கள்? ஜாவாக்காரர்கள் அதைப் பாட்டன் என்றே அழைக்கிறார்கள்.

பாட்டனுக்குக் கோபம் வந்தால் இறங்குவது நெருப்புக்குழம்பு மட்டுமல்ல. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த மேகமும்தான். சுருள்சுருளாக உருண்டு வருவதால் அதற்குச் ‘சடை ஆடு’ என்று பெயர். இந்த ஆட்டை ஓடி ஜெயிக்க எந்தக் காலாலும் முடியாது. யோக்யகர்த்தா அரண்மனை நியமித்த மலைக்காவலர், 83 வயது மரிஜான், ஊரைவிட்டு வர மறுத்து 2010 அக்டோபர் 26 அன்று அதில்தான் மாண்டார். அந்த ஆண்டு வெடிப்புகளில் 350 பேருக்கு மேல் பலி. அந்தப் பெரியவரின் விசுவாசத்தை வணங்குகிறேன். ஆனால் கிளம்பு என்றால் கிளம்பிவிட வேண்டும்.

பார்க்கப் போகிறீர்களா? காலியுராங்கில் ஜீப் கிடைக்கும். விடியலிலேயே ஏறுங்கள், வெயில் ஏறினால் பாட்டன் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.