முப்பது கிலோவுக்குள் ஒலுவில்

குளிர் நாடொன்றில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதா? மாஷா அல்லாஹ். முதல் வேலையாக, அதை யாரிடமும் சொல்லாதீர்கள். பெட்டி கட்டி, நிறுத்து, பூட்டி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். நம் கிழக்குக் கரை ஊரான ஒலுவிலில் இது நடக்கிற காரியமில்லை என்பது வேறு விஷயம். அஸர் தொழுகைக்கு வந்த ஒருவர் காதில் விழுந்தால் போதும், மஃரிபுக்குள் செய்தி பாலமுனையைத் தாண்டி அட்டாளைச்சேனைக்குப் போய்விடும். இஷா முடிகிற நேரம் நிந்தவூர் மாமி போன் எடுத்து, "ஒரு சின்னப் பார்சல்தான் மனே, கனக்காது" என்பார். உங்களைக் கேட்காமலேயே பெட்டி கட்டத் தொடங்கியாயிற்று.

பெட்டியைத் திறக்கும் முன்னர் ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இருக்கவேண்டும். வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் கேட்பார்கள்: "நம்மட வாசல்லயே யூனிவர்சிட்டி இரிக்க, அங்க என்னத்துக்கு?" நியாயம்தான். மர்ஹூம் அமைச்சர் அஷ்ரஃப் பாடுபட்டுக் கொண்டுவந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. நீங்கள் போகிற இடம் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1495இல். இரண்டுக்கும் சரியாக 500 வயது வித்தியாசம். இரண்டும் கடற்கரை ஊர். இரண்டிலும் துறைமுகம், வெளிச்சவீடு. "மூத்தவரக் கண்டு ஸலாம் சொல்லிட்டு வாறன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் எடுபடுவார்கள். உம்மம்மா மட்டும் எடுபடமாட்டார்.

அபர்டீனிலிருந்து வடகடலைக் கடந்தால் டென்மார்க். அந்தக் குளிர் நாட்டுக்காரர்களும் ஒருமுறை பெட்டி கட்டி ஒலுவிலுக்கு வந்தவர்கள்தான். டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்த நம் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துக்கொண்டது. துறைமுகத்துக்கு வடக்கே கரையைக் கடல் தின்றது. பழக்கமில்லாத கடலோரத்துக்குப் போகிறவர் எவ்வளவு பெரிய சங்கதியையும் மறந்துவிட்டுப் போகலாம் என்று தெரிகிறதல்லவா? நீங்கள் மறக்கப்போவது ஒரு சோடி கையுறையாகத்தான் இருக்கும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இனி எடை. விமானக் கம்பனிகள் பெரும்பாலும் 30 கிலோ தரும், கையில் 7. மேலதிகமாகக் காசு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. பெட்டியைத் தூக்குகிற மனிதரின் முதுகை நினைத்து வைத்த விதி அது. வீட்டுத் தராசை நம்பவேண்டாம். நெல் ஆலைக்குக் கொண்டுபோய் நிறுங்கள். ஆனால் ஒன்று. நெல் மூட்டை நிறுத்தே பழகியவர் பெட்டியைத் தராசில் வைத்ததும் பழக்கதோஷத்தில் "ஈரம் கூட" என்று ஒரு கிலோவைக் கழித்துச் சொல்லிவிடுவார். அந்தக் கழிவைக் கட்டுநாயக்கவில் ஏற்கமாட்டார்கள்.

பெட்டிக்குள் முதலில் இறங்குவது போர்வை. உங்கள் வீட்டிலும் அது அலுமாரிக்கு மேலேதான் இருக்கும். வாப்பாவோ மாமாவோ சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தது. சிப் வைத்த கண்ணாடிப் பிளாஸ்டிக் பை, உள்ளே செக்கச்செவேலென்று ஒரு ரோசாப்பூ, இல்லாவிட்டால் பாய்கிற புலி. எப்படியும் ஐந்து கிலோவுக்குக் குறையாது. இரவிலும் மின்விசிறி நிற்காத ஊரில் அதைப் போர்த்தியவர் எவருமில்லை. பெண் பார்க்க வந்தால் கட்டிலில் விரிப்பார்கள். வந்தவர்கள் படலையைத் தாண்டியதும் மடித்துவிடுவார்கள். இத்தனை வருடமாக ஒரு குளிரை எதிர்பார்த்துக் காத்திருந்த போர்வைக்கு இதோ ஒரு குளிர் வந்துவிட்டது. "இதக் கொண்டு போகாட்டி வேறென்னத்தக் கொண்டு போற?" என்று உம்மா கேட்கும்போது பதில் பேசாதீர்கள். வையுங்கள். பெட்டி பாதி நிரம்பும். அடுத்து உம்மாவே கருவாட்டுப் பையோடு வருவார், இடம் இராது. இரண்டில் எது என்ற தீர்ப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். போர்வை தானாக அலுமாரிக்கு மேலே திரும்பிவிடும். எந்த வீட்டிலும் இதுவரை கருவாடு தோற்றதில்லை.

குளிர் என்றால் என்ன என்பதில் ஊருக்கென்று ஒரு கொள்கை உண்டு. மார்கழி மாரியில் வெப்பம் 23 பாகைக்கு இறங்கினால் சுபஹுக்குப் போகிறவர்கள் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொள்கிறார்கள். அபர்டீனில் 23 பாகை வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுப்பார்கள். ஜனவரியில் அங்கே பகலிலேயே ஆறு, ஏழு பாகைதான், போதாததற்குக் கடற்காற்று. தடித்த உடுப்பு ஒன்றை அமுக்குவதைவிட மெல்லியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே புத்தி. உடுப்புகளுக்கு நடுவே அகப்படுகிற காற்றுத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. அடியில் தெர்மல், அதன்மேல் சட்டை, கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத மேலங்கி. குடை வேண்டாம். வடகடல் காற்று முதல் வாரத்திலேயே கம்பியைப் பிரித்துவிடும். கட்டடங்களுக்குள்ளே சூடாக்கி ஓடுவதால் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் உரியவேண்டும், வெளியே வரும்போது மறுபடி ஏற்றவேண்டும். ஒரு நாளில் பாதிப் படிப்பு இதிலேயே போகும்.

இதையெல்லாம் எங்கே வாங்குவது? நுவரெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் ஒலுவிலுக்குப் படிக்க வருகிற பிள்ளைகளைக் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சுவெட்டர்களை முதல் நாளே மடித்துவைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவின் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய குளிர் உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும். கொழும்புப் புறக்கோட்டையிலும் கிடைக்கும், குரல் இருந்தால். ஒரே ஒரு தொகுதி போதும், இறங்குகிற நாளுக்கு மட்டும். மிச்சத்தை அங்கே வாங்கலாம். வாங்கிய பிறகு கழுத்துத் துண்டைத் திருப்பிப் பாருங்கள், "மேட் இன் ஸ்ரீலங்கா" என்று இருந்தாலும் இருக்கும். நம் பிள்ளைகள் தைத்து, கப்பலில் ஏறி, முன்கூட்டியே அங்கே போய்த் தொங்குகிற உடுப்புக்கு நீங்கள் வேறு எதற்கு எடை கட்டுகிறீர்கள்?

மத்ரஸாவில் பிக்ஹு படிக்கும்போது காலுறையின் மேல் மஸ்ஹ் செய்கிற சட்டத்தை மனனம் பண்ணியிருப்பீர்கள். வுழூவோடு தோலுறை அணிந்தால், ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் காலைக் கழுவாமல் மேலே தடவிக்கொள்ளலாம். பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கிய எவரும் தோலுறையைக் கண்ணால் கண்டதில்லை. சொல்லித்தந்த மௌலவியின் காலிலும் ரப்பர் செருப்புத்தான். டிசம்பர் மாதம், பல்கலைக்கழகக் கழிப்பறையின் முகம் கழுவும் தொட்டியில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி, பின்னால் வரிசையில் நிற்கிற வெள்ளைக்காரப் பேராசிரியரைக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்தப் பாடத்தின் அருமை புரியும். ஒரு சோடி தோலுறை, கால் கிலோகூட இராது. இந்தக் கட்டுரையில் நாம் விளையாட்டில்லாமல் சொல்கிற பொருள் இது ஒன்றுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு: கழிப்பறைக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தல். காரணம் கேட்காதீர்கள். போன முதல் நாளே விளங்கும்.

பள்ளிவாசல் தொழுகைக் கலண்டரைச் சுருட்டிப் பெட்டியில் வைக்கிறவர்கள் உண்டு. சுவருக்கு அழகு, வேறு பயன் இல்லை. நம் ஊரில் மஃரிப் வருடம் முழுக்க ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் அடங்கிவிடுகிற நல்ல பிள்ளை. அபர்டீனில் டிசம்பர் கடைசியில் பின்னேரம் மூன்றரைக்கே மஃரிப் வந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஒரு விரிவுரைக்கும் அடுத்த விரிவுரைக்கும் இடையில் முட்டிக்கொள்ளும். ஜூனில் அதே மஃரிப் இரவு பத்து மணி தாண்டியும் வராது. இதைக் கேட்ட உம்மா, "அப்ப சாப்பாடு எத்தின மணிக்கு?" என்று மட்டும் கேட்பார்.

சாப்பாட்டுக்கு வருவோம். பிரித்தானியா நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர விடாது. எனவே எருமைத் தயிர்ச் சட்டி கிடையாது, குர்பான் இறைச்சியில் போட்ட உப்புக்கண்டமும் கிடையாது. மீனுக்கு மட்டும் 20 கிலோ வரை அனுமதி. சட்டம் எழுதியவர் கரையோர மனிதராக இருக்கவேண்டும். இந்தத் தகவலை உம்மாவிடம் சொல்லாமல் விடுவது உங்கள் நன்மைக்கு; சொன்னால் 20 கிலோவும் நெத்தலியாகவே போகும். மாசி, சீனிச் சம்பல், தொதல், வறுத்துத் திரித்த தூள் ஆகியவை போதும். அரிசி வேண்டாம். சோறு ஆக்குகிற மின்சட்டியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம்: அங்கேயும் 230 வோல்ட்தான், நம் சதுர மூன்று முள் செருகியும் அங்கிருந்து வந்ததுதான்.

கருவாட்டைப் பொலித்தீனில் சுற்றி, அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மறுபடி பொலித்தீனில் சுற்றி, மேலங்கிக்குள் பொதிந்து வைக்கச் சொல்வார்கள். மணம் வெளியே வராது என்பது உண்மைதான், மேலங்கிக்குள் போய்விடும். விடுதிச் சமையலறையில் அதைப் பொரிக்கிற நாளுக்கு உங்களுடைய மிகத் தடித்த உடுப்பை ஒதுக்கி வையுங்கள். கூரையில் ஒட்டியிருக்கிற புகை உணரி அலறும். நான்கு மாடியில் இருப்பவர்களும் படுக்கை உடையோடு வெளியே வந்து, தீயணைப்பு வண்டி வரும்வரை பனியில் நிற்பார்கள். குளிர் என்ன என்பது உங்களுக்கு உண்மையில் விளங்கப்போவது அந்த இரவில்தான்.

பயண வாரம் வந்தால் பார்சல்கள். "என்ட மகன் லெஸ்டர்லதான் இரிக்கான், உங்கட இடத்துக்குப் பக்கம்" என்பார் சம்மாந்துறையிலிருந்து வந்த சாச்சி. அபர்டீனிலிருந்து லெஸ்டருக்கு, ஒலுவிலிலிருந்து கொழும்பு போய்த் திரும்புகிற தூரம். படத்தில் ஒரே தீவு என்பதால் சாச்சிக்கு அது பக்கம். மறுக்காதீர்கள். இரு கையாலும் வாங்கி, "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி, அவர் எதிரிலேயே பெட்டிக்குள் வையுங்கள். அவர் போனதும் எடுத்து, என்ன இருக்கிறதென்று பிரித்துப் பாருங்கள். இது சந்தேகமில்லை, விமானநிலையத்தில் "நீங்களே கட்டினீர்களா?" என்று கேட்டால் சொல்லப் பதில் வேண்டுமே. பெரும்பாலும் தொதலாகத்தான் இருக்கும். நீங்கள் விரிவுரையாளராக இருந்து கல்வி விடுமுறையில் போகிறவரானால், உடன்படிக்கையில் பிணை ஒப்பமிட்டவர்களின் பார்சலுக்குத் தனி மரியாதை. திரும்பி வராவிட்டால் பணம் கட்டப்போகிறவர்கள் அவர்கள். அவர்கள் ஆட்டுக்கல்லே தந்தாலும் அதுவும் பெட்டிக்குள் போகவேண்டும்.

கடவுச்சீட்டு, காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், அனுமதிக் கடிதம் எல்லாம் கைப்பையில். பனடோல், சித்தாலேப, சமஹன் பக்கப் பையில். மருதமுனைச் சாரன் இரண்டு: ஒன்று உடுக்க, மற்றது திரைச்சீலை, துவாய், விரிப்பு, வாடகை வீட்டின் கதவிடுக்கில் காற்றடைப்பான் என்று முறைவைத்து வேலை செய்யும். தெர்மலுக்கு மேல் சாரன் உடுத்துவது அழகில்லை என்று சொல்கிறவர்கள் குளிரில் இருந்து பார்த்ததில்லை.

இவ்வளவு கட்டிவிட்டோமே, ஒரு வருடம் முழுவதும் இருந்தாகவேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் 1930களில் கேம்பிரிட்ஜுக்கு மேல்படிப்புக்குப் போனவர், சிவில் சேவைக்குத் தெரிவானதும் படிப்பை விட்டுத் திரும்பிவிட்டார். அந்தச் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார்; 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். ஆகவே பாதியில் திரும்புவதற்கு முன்மாதிரி உண்டு. வந்த பிறகு அவ்வளவும் செய்யவேண்டும், அவ்வளவுதான். படிப்புச் செலவுக்கு நிதியம் அமைத்த சமூகம், மேலதிக எடைக்கு இன்னும் ஒன்றும் அமைக்கவில்லை என்பதையும் உரியவர்கள் கவனிக்கலாம்.

படிப்பு முடித்துத் திரும்பும்போது மேலங்கியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாலமுனையில் ஒரு தங்கச்சிக்கு அடுத்த செப்டம்பருக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். நீங்கள் விமானம் ஏறும் முன்னரே அவளுடைய உம்மா வீட்டுக்கு வந்து கை நீளம் விசாரித்துவிட்டுப் போயிருப்பார். சிப் பாதியில் சிக்கும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். கருவாட்டு மணத்தைச் சொல்லத் தேவையில்லை. அவளுடைய பெட்டியிலும் அதே கருவாடுதான் போகப்போகிறது.