எப்ப வேணும்னாலும் படிக்கலாம்லே!

வாலே பேராண்டி, உக்காரு. கடைக்கு நேரமாச்சுன்னு வாசலைப் பாக்காத. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உன் போர்வைக்குள்ள வெளிச்சம் எரிஞ்சுதுலா, அதுல அஞ்சு நிமிசத்தைத் தாத்தாவுக்குக் கடனாக் குடு.

வேலைக்குப் போறதால காலேஜுக்குப் போக முடியலங்குத. ஞாயந்தான். ஆனா பாரு, இந்தச் சாக்கை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லயே புடுங்கிப் போட்டுட்டு. அஞ்சல்வழிக் கல்வின்னு ஆரம்பிச்சாக. 1985-ல டெல்லிக்காரன் இக்னோன்னு ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் திறந்தான். 2002-ல தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்துட்டு. இத்தனை கதவு திறந்து கெடக்கு, நீ இன்னும் வாசல்ல நின்னு செருப்பு மாட்டுத.

தபால்ல வாங்குன பட்டத்துக்கு மதிப்பு இல்லங்கியா? உனக்கு ரொம்பத்தான் மதிப்பு தெரியும்! அங்கீகாரம் உள்ள எடத்துல தொலைநிலையில வாங்குனாலும் நேர்ல போயி வாங்குனாலும் பட்டம் ஒண்ணுதான்னு 2022-ல பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, அதுவே சொல்லியாச்சு. அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் யுஜிசி பட்டியலைப் பாத்துக்க. டீக்கடைச் செவுத்துல 'ஒரே வருசத்துல டிகிரி'ன்னு ஒட்டிருக்கான்லா, அவன்ட்டப் போனா ஒரு வருசத்துல முடியுறது உன் துட்டு மட்டுந்தான். முறையாப் படிச்சா மூணு வருசம். இக்னோவுல ஆறு வருசம் வரைக்கும் இழுக்கலாம். உன்னை நேர்ல பாத்துட்டுத்தான் சட்டம் போட்டிருப்பாக போல.

நம்மூர்ல பலபேரு வழுக்கி விழுந்த எடம் ஒண்ணு இருக்கு. ப்ளஸ் டூ முடிக்காம நேரா டிகிரி வாங்கிட்டு வந்தா, தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அது செல்லாது. பத்து, பன்னெண்டு, அப்புறந்தான் பட்டம். நீ கணக்கு வாத்தியார் புண்ணியத்துல பன்னெண்டைத் தாண்டிட்ட. பாதியில நின்னானே உன் கூட்டாளி, அவனை முதல்ல தனித்தேர்வு எழுதச் சொல்லு. வீட்ல இருந்துகிட்டே நர்சிங், இன்சினியரிங் பட்டம் கிடைக்குமான்னும் கேட்டுட்டு வராதீக. அதெல்லாம் இதுல கெடையாது.

கம்ப்யூட்டர்தான் வேணும்னா சென்னை ஐஐடி இருக்கு. வாயை மூடுலே, ஈ போயிரும். 2020-லருந்து டேட்டா சயின்ஸ் படிப்பை ஆன்லைன்ல நடத்துதாக. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். நாலு வாரம் பாடம், அப்புறம் ஒரு தகுதித் தேர்வு, தேறிட்டா உள்ள. நடுவுல நின்னாலும் படிச்ச அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. பாடந்தான் வீட்ல, பரீட்சையை மையத்துல போயித்தான் எழுதணும். அங்க போர்வை தர மாட்டாக.

இக்னோவுல பொதுவா நூறு மார்க்குக்கு முப்பது அசைன்மென்ட்டுக்கு. கையால எழுதணும். அடுத்த வீட்டுப் புள்ள நோட்டைப் பாத்து எழுதிரலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்க. அவ நேத்தே என்ட்ட வந்து சொல்லிட்டா.

ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. கட்டிப்போட்ட ஆடு பசிச்சாக் கத்தும். அவுத்துவிட்ட ஆடு அடுத்தவன் கொல்லையிலதான் நிக்கும். எப்ப வேணும்னாலும் படிக்கலாம்னு சொல்லிட்டாகளே, உனக்கு அதுதாம்லே கண்டம். எப்ப வேணும்னாலும்னா உன் அகராதியில தீவாளிக்குப் பொறவு. தீவாளி போனா பொங்கலுக்குப் பொறவு. இக்னோவுல வருசத்துக்கு ரெண்டு தடவை, ஜூலையிலயும் ஜனவரியிலயும் சேக்குதாக. அதையும் ஏன் சொன்னோம்னு இருக்கு, ஜூலையை விட்டா ஜனவரின்னு இப்பவே உன் மொகத்துல எழுதியாச்சு.

காலையில அரைமணி, கடை மூடுன பொறவு அரைமணி. அதுக்கு மேல உன்ட்ட எதிர்பாக்குறவன் ஏமாந்த பய.

முடியாதுன்னா சொல்லிரு, வருத்தமில்ல. உங்கம்மாவும் பன்னெண்டு பாஸ்தான். இதுக்கு வயசு வரம்பும் கெடையாது. பி.ஏ. தமிழ் எடுக்கப் போறாளாம். சேர்றதுக்கு முன்னால டெப் ஐடின்னு ஒண்ணு எடுக்கணும்லா, அதை நேத்து ராத்திரியே எடுத்துட்டா. ஓடிபி உன் போனுக்குத்தான் வந்துது. போர்வைக்குள்ள இருந்து நம்பரைச் சொன்னவன் நீதாம்லே.