அறுபதாயிரம் வாலா

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஓர் இலை இருக்கிறது. மரத்தில் அல்ல, கம்ப்யூட்டரில். பனித்துளி சொட்டச் சொட்ட இளம்பச்சையில் இருக்கும். முதலில் அது ஒரு கூந்தல் தைலத்துக்குப் போயிற்று. பிறகு பல்பொடி டப்பாவில் ஏறியது. இப்போது மல்டிவைட்டமின் லேபிளில் உட்கார்ந்திருக்கிறது. இது என்ன மரத்து இலை என்று டிசைன் போடும் தம்பியிடம் கேட்டேன். "பச்சையா இருக்குல்லண்ணே, போதாதா?" என்றான்.

லேபிள்களில் பிழை பார்ப்பது என் வேலை. ஆகவே சத்து மாத்திரைகளைப் பற்றி, அவற்றை விழுங்குகிறவர்களைவிட நான் அதிகம் படித்தவன். முன்பக்கம் பாயும் குதிரை, உருண்டு திரண்ட தோள். பின்பக்கம், கண்ணாடியைக் கழற்றி மாட்டித் தேட வேண்டிய எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. அப்படிப் போட்டே ஆக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதி. சட்டத்தின் கண்ணில் இந்த டப்பாக்கள் உணவு, மருந்து அல்ல. சாத்தூர் காராசேவுக்கும் இதற்கும் ஒரே இலாகா. காராசேவு மட்டும் தன்னால் முடி வளரும் என்று சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் ஊர் அச்சங்குளம், சாத்தூர் பக்கம். வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அது 2021 பிப்ரவரியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தால்தான் இருக்கும். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, விட்டுவிடுகிறேன். மற்ற நாட்களில் நாங்களும் எல்லோரையும்போல உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள்தான். முன்பெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கோடாலித் தைலம் கொண்டுவருவார்கள். தலைவலிக்கும் ஆகும், கொசுக்கடிக்கும் ஆகும், மொய்க்குப் பதிலாகவும் ஆகும். இப்போது பாட்டில் பாட்டிலாக மாத்திரை வருகிறது. எது எதற்கு என்று கொண்டுவந்தவருக்கும் தெரியாது. 'அவன்தான் லேபிள் படிக்கிறவன்' என்று எல்லாம் என் திண்ணைக்கு வந்துவிடும்.

கூடவே மாமாவும் வந்துவிடுவார். பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொடியைக் கண்டாலும் எடை என்ன, எதோடு கலந்தது, எப்போது கலந்தது என்று கேட்காமல் கையில் வாங்க மாட்டார். அந்தக் கேள்விகளை மருந்துக் கடையில் நாம் கேட்டால் பாதி டப்பாக்கள் விற்காது.

"இது என்னத்துக்கு மாப்ள?"

"மீன் எண்ணெய் மாமா. இதயத்துக்கு நல்லதாம்."

"மீனையே தின்னா ஆகாதாமா?"

"அதுக்கு லேபிள் அடிக்க முடியாதே."

அமெரிக்காவில் 25,871 பேரைப் பிரித்து, சிலருக்கு மீன் எண்ணெயும் சிலருக்கு வைட்டமின் டியும் சிலருக்கு வெறும் மாத்திரையும் ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயத்தால் வரும் சாவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதும் சரி, புற்றுநோயிலும் சரி, சொல்லும்படியான குறைவு இல்லை. மாமா பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். அயிரை மீன் வாங்க ஆள் அனுப்பிவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

சித்தப்பாவின் கதை வேறு. பீடிக்குப் பரிகாரமாக அவர் வைட்டமின் சாப்பிடுகிறவர். பின்லாந்தில் இதே நம்பிக்கையில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, சிலருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் கணக்குப் பார்த்தால், மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். இதைச் சொன்னதும் சித்தப்பா யோசித்தார். "அப்ப மாத்திரைய விட்டுரலாம்ங்கிற" என்றார். பீடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வைட்டமின் சி விஷயத்தில் ஏமாந்தது நாம் மட்டுமில்லை. இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங், ஜலதோஷத்தை இது விரட்டும் என்று 1970இல் புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகும் உலகம் தும்மிக்கொண்டுதான் இருக்கிறது. முடிக்கு என்று விற்கும் பயோட்டினையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவது அபூர்வம். அதை அதிக அளவில் தின்றுவிட்டு தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முடிவு தப்பாக வரக்கூடும். தலையில் முடி வராது, தாளில் நோய் வந்துவிடும்.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை மட்டும் மாமாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போட்ட மறுநாள் காலையில் கொல்லைப்புறத்திலிருந்து உற்சாகமாக வந்தார். "பளிச்சுன்னு மஞ்சள் மாப்ள! ஸ்ட்ரான்சியம் போட்டா சிவப்பு, பேரியம் போட்டா பச்சை. இது எதுல வருது?" ரிபோஃபிளேவின் என்றேன், பி2. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டதுதான் அந்த மஞ்சள். அப்படியானால் காசைக் கொடுத்து வாங்கியது பெரும்பாலும் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வண்ணம் நன்றாக வந்தும் மனுஷன் முகம் வாடிப்போய்விட்டது.

எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. மாமா பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கால் மதமதப்பு, எறும்பு ஊர்கிற உணர்ச்சி என்று புலம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து பி12 குறைவு என்றார். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையக்கூடும். சுத்த சைவர்களுக்கும் குறையலாம், அந்தச் சத்து பால், முட்டை, மீன், கறி வழியாகத்தான் வரும். ஊசி போட்டதும் மதமதப்பு மெல்லக் குறைந்தது. குறை இருந்தது, பரிசோதனை சொன்னது, மருந்து கேட்டது.

வைட்டமின் டி கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கத்திரி வெயிலில் கோழி நிழல் தேடும் விருதுநகர் மாவட்டத்தில், வெயிலால் கிடைக்கும் சத்து எனக்குக் குறைவாம்! பகலெல்லாம் அச்சகத்துக்குள் டியூப் லைட்டில் உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? கறுத்த தோலுக்கு வெயில் கூடுதலாகவே வேண்டும். வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் 60,000 யூனிட் என்று போட்டிருந்ததைப் பார்த்து மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"அறுபதாயிரம் வாலாவா? நம்ம ஆபீஸ்லயே பத்தாயிரம் வாலாதான்டா பெருசு!"

40 யூனிட் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். ஆக அந்த அறுபதாயிரத்தின் மொத்த எடை ஒன்றரை மில்லிகிராம்தான். துளியூண்டு எடை, ஆனால் விளையாட்டில்லை. பி வைட்டமின் போல இது மஞ்சளாக வெளியேறிவிடாது, கொழுப்பில் தங்கும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாக்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதை மாமாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எடை தப்பினால் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவர் அவர்.

இத்தனை பாட்டிலும் வந்த என் திண்ணைக்கு வராத மாத்திரை ஒன்று உண்டு. கிராம சுகாதார நர்சம்மா சும்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. மதினி விடியக்காலை வேனில் பயர் ஆபீசுக்குப் போய்வருகிறவள். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. நர்சம்மா கொடுத்த அட்டைகள் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. அதே அலமாரியில் சங்கிலி வியாபாரத்தில் யாரோ தலையில் கட்டிய புரதப் பொடி டின், பூஜை சாமானுக்குள்ள மரியாதையோடு.

"ஏன் மதினி, இதச் சாப்பிடலையா?"

"சும்மா குடுக்கிறதுல என்ன சத்து இருக்கப் போகுது தம்பி? துரு வாடை அடிக்குது, குமட்டுது, கறுப்பா வேற போகுது."

கறுப்பாகப் போவதில் பயமில்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். டீயோடு விழுங்கினால் டீயே அதைத் தடுத்துவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் எதையும் டீயோடுதான் விழுங்குவார்கள். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது என்றபோது மாமா குறுக்கிட்டார்: "நம்ம ஆபீஸ்ல ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு இருக்குல்லம்மா, வயித்துக்கும் அப்படித்தான்." நான் சொன்னதில் மதினிக்கு விளங்காதது அதில் விளங்கிவிட்டது.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. புரதப் பொடி டின் அதைச் சரி செய்யாது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில் அந்தப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

அந்தச் சிவப்பு மாத்திரைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் ரத்தம் சுண்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்துப் பார்த்தது விலை உயர்ந்த டானிக் அல்ல. ரொட்டியில் தடவும் ஈஸ்ட் பசை, மார்மைட். பெண்கள் தேறினார்கள். அதற்குள் இருந்த சத்தை 1941இல் கீரையிலிருந்து பிரித்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். லேபிளில் இலைப்படம் போட உண்மையான உரிமை இதற்குத்தான். இதன் அட்டையிலோ இலையே இல்லை. 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆலைப் பெண்களுக்காகக் கண்டுபிடித்த ஒன்றை எங்கள் ஆலைப் பெண்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்.

மதினி, உங்களுக்கும் உங்கள் வேனில் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நர்சம்மா தரும் மாத்திரையை வாங்குங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அவர் சொன்னபடி விழுங்குங்கள். குடல்புழு மாத்திரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் ஏறுகிற ரத்தத்தைக் கொக்கிப்புழு குடித்துவிடும். பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்கள் நாள் தள்ளும் வரை காத்திருக்காமல் முன்பே கேட்டு ஃபோலிக் அமிலம் போடத் தொடங்குங்கள். குழந்தையின் தண்டுவடத்துக்கான அடித்தளம் கரு உண்டான முதல் நான்கு வாரத்திலேயே உருவாகிவிடும். ஆண்கள் ரத்தம் பார்க்காமல் இரும்பைத் தொட வேண்டாம். மாத்திரை போட்ட பிறகு டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். பொடி டின்னுக்குக் கொடுக்கிற காசுக்கு முட்டை வாங்குங்கள்.