முடியே இல்லை சார், பூச்சி எங்க உட்காரும்?

லிஃப்டில் ஏறியவுடன் நாயைத் தூக்க மாட்டார். கதவு மூடி, நமக்குத் தப்பிக்க வழியில்லை என்று உறுதியான பிறகுதான் தூக்குவார். ஒரு கையால் மார்பைத் தாங்கி, இன்னொரு கையால் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்து, அனலில் அப்பளத்தைத் திருப்புவது போல ஒரே திருப்பில் அடிவயிற்றை லிஃப்ட் விளக்குக்குக் காட்டுவார்.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க. ஒரே ஒரு தெள்ளுப்பூச்சி காட்டுங்க, நான் நாய் வளர்க்கறதையே விட்டுடறேன்."

பார்த்துத்தான் ஆக வேண்டும். சாம்பல் நிறத் தோல், நடுநடுவே இளஞ்சிவப்புத் திட்டுகள், மூச்சுக்கு ஏறி இறங்கும் விலா எலும்புகள். நாய் பாட்டுக்கு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு இது பழக்கம். "இல்லைதான் சார்" என்போம்.

"முடியே இல்லையே சார். பூச்சி எங்க உட்காரும்?"

இதற்குள் நம் மாடி தாண்டிப் போயிருக்கும்.

முடியில்லாத நாய் வளர்ப்பவர்கள் எல்லாருமே இப்படித்தான். எல்லாரும் பி பிளாக்கில் குடியிருப்பார்கள் என்றோ, மினசோட்டாவில் மகள் வீட்டில் சில வருடம் இருந்துவிட்டு ஒரு சைனீஸ் க்ரெஸ்டட் நாயோடு சென்னை திரும்பியவர்கள் என்றோ நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

இந்தப் பொதுவான மனிதர் நாயின் வயிற்றைக் காட்டாத ஆள் கிடையாது. தண்ணீர் கேன் போடும் பையனுக்குக் காட்டியிருக்கிறார், கேன் தோளில் இருக்கும்போதே. கேஸ் சிலிண்டர்காரர் பார்த்திருக்கிறார். நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போன பெண்கள் குங்குமம் எடுத்துக்கொள்வதற்கு முன் வயிற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்" என்று எழுந்து, செயலாளரின் கணக்கு நோட்டின் மேல் நாயை மல்லாக்கப் போட்டார். வாட்ச்மேன் மட்டும் இப்போது தெளிந்துவிட்டார். இவர் தலை தெரிந்ததுமே, "பாத்துட்டேன் சார், இல்ல சார்" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்.

வயிற்றைக் காட்டுவார், முதுகைக் காட்டுவார், அக்குளைக்கூட விரித்துக் காட்டுவார். கொண்டையைக் காட்ட மாட்டார். சைனீஸ் க்ரெஸ்டட் முழு மொட்டை கிடையாது. தலையில் கொண்டை, வாலில் குஞ்சம், நான்கு பாதங்களிலும் கணுக்கால்வரை முடி உண்டு. வெற்றுத் தோலில் தெள்ளுக்கு ஒளிய இடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது நாயிடம் வருவது முடிக்காக இல்லையே, ரத்தத்துக்காக! கடிக்க வெற்றுத் தோல், ஒதுங்கக் கொண்டை. இதைவிட வசதி என்ன வேண்டும்? ஒரு தடவை அந்தக் கொண்டையை விரலால் விலக்கிப் பார்த்தேன். அடியில் கறுப்பாகப் பொடிப்பொடியாக இருந்தது. துளி எடுத்து ஈரப் பஞ்சில் தேய்த்ததும் செம்பழுப்பாகக் கரைந்தது. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம்.

"டான்ட்ரஃப் சார்" என்றார்.

கறுப்புப் பொடுகு!

விவரம் தெரியாத மனிதர் என்றால் விட்டுவிடலாம். நாயைப் பற்றி இவருக்குத் தெரியாதது இல்லை. மெக்சிகோவின் கொலிமா கல்லறைகளில் கிடைத்த களிமண் நாய்கள், ஓவியர் ஃப்ரீடா காலோ வளர்த்த ஷோலோ நாய்கள், பெரு நாடு தன் முடியில்லா நாயை 2001-ல் தேசிய மரபுச் சொத்தாக அறிவித்தது, எல்லாம் சரளமாக வரும். முடியைப் போக்கிய மரபணு ஃபாக்ஸ்-ஐ-3, கண்டுபிடித்தது 2008-ல், அந்த மாற்றம் அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால் குட்டி கருவிலேயே இறந்துவிடும் என்று மூச்சு விடாமல் சொல்வார். அதே மரபணுதான் பல்லையும் குறைக்கிறது என்று நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டுவார். சாதாரண நாய் முன்பல்லால் நறநறவென்று கொறித்தாவது தெள்ளைப் பிடிக்கும். இவர் நாய்க்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது என்பது மட்டும் உரையில் வராது.

பூச்சியை நாயின் மேல் தேடுவதுதான் கோளாறு. ஒரு வீட்டிலிருக்கும் தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த பூச்சியாக நாய்மேல் இருப்பது நூற்றுக்கு 5 தேறினால் அதிகம். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டுக்குள் கிடக்கிறது. பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை ஒட்டாது, உருண்டு விழும். முடியுள்ள நாயிலாவது கொஞ்ச நேரம் சிக்கி நிற்கும். இவர் நாயிலிருந்து நேரே மெத்தைக்கு இறங்கிவிடும். மெத்தை இவருடையது. வெற்று உடம்புக்குக் குளிருமே என்று நாய் இவர் போர்வைக்குள்தான் தூங்குகிறது. பகலில் வெயில் சுடாமலிருக்கப் பருத்தி பனியன். ஏசி போட்டால் பனியனுக்கு மேல் ஸ்வெட்டர். முடியில்லாத நாயைத் தேடி வாங்கி, முடி செய்கிற வேலையையெல்லாம் துணியில் தைத்துப் போட்டுவிட்டு, பூச்சிக்கு இடமே இல்லை என்கிறார்.

மினசோட்டாவில் பனிக்காலம் வந்தால் மருந்தை நிறுத்திவிடுவாராம். அங்கே வெளியில் கிடக்கும் முட்டையும் புழுவும் உறைந்து சாகும். சென்னையில் எது பனிக்காலம்? மார்கழியில் நாம் மப்ளர் கட்டிக்கொள்வதால் தெள்ளுக்குக் குளிர் வந்துவிடாது. இந்த வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார்.

கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எடை பார்த்து, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டு, தோலில் எதையும் தடவ வேண்டியதில்லை என்பதால் இந்த நாய்க்கு இதுதான் தோது என்று சொல்லித்தான் கொடுத்தார். இவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கெமிக்கல் வேணாம் சார், நேச்சுரலாப் போவோம்." நேச்சுரல் என்றால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து உடம்பெல்லாம் பூசுவது, சோற்றில் பூண்டு பிசைவது. கற்பூரம் தோல் வழியே உள்ளே போனால் நாய்க்கு வலிப்பே வரலாம். பூண்டு அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விஷத்தை மளிகைக் கடையில் வாங்கினால் அது இயற்கை.

இத்தனைக்கும் பழி என் வீட்டுச் சிப்பிப்பாறைக் கலப்பு மேல். "தப்பா நினைக்காதீங்க, நாட்டு நாய்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்." என் நாய் மாதா மாதம் மாத்திரை விழுங்குவது அவருக்கு ஒரு பொருட்டில்லை. முடியுள்ள நாய்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கத்துக்குத் தீர்மானம்கூட எழுதிக் கொடுத்தார். தாடி வைத்திருக்கும் எங்கள் தலைவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

ஆனாலும் காலை நேரத்தில் மொட்டை மாடியில் இவரைப் பார்க்க வேண்டும். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாயின் காது மடலுக்கு விரல் நுனியால் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டிருப்பார். யாருக்கும் எதையும் நிரூபிக்காத நேரம் அது. நாய் கண்ணை மூடி அவர் மணிக்கட்டில் தாடையை வைத்துக்கொள்ளும். அப்போது போய்க் கொண்டையைப் பற்றிப் பேச எனக்கே மனசு வராது.

கோபம் வருவது வேறு இடத்தில். அவர் வீட்டில் பெருக்கித் துடைக்கும் அக்காவின் கணுக்கால் முழுக்கச் சிவப்புத் தடிப்பு, சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடக்கிறது. தெள்ளு தரையிலிருந்து தாவுவதால் மனிதரை முதலில் காலில்தான் பிடிக்கும். அந்த அக்கா கட்டிலுக்கடியில் குனிந்து துடைக்கிறார், கூடுகள் கிடப்பதும் அங்கேதான். சொல்லியும் பார்த்திருக்கிறார். "கொசும்மா, ஏதாவது களிம்பு தடவிக்கோ" என்று பதில் வந்ததாம். கஞ்சத்தனமும் இல்லை. அந்த ஸ்வெட்டர்களுக்குக் கொடுத்த காசில் எத்தனையோ மாத மாத்திரை வாங்கியிருக்கலாம். வீட்டில் பூச்சி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள இவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். கடி படுவது சம்பளத்துக்கு வந்த இன்னொருத்தர் கால். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கோடையில் மகளுக்குப் பிரசவம் என்று மினசோட்டா போனார். நாய் தங்கை வீட்டுக்குப் போனது, வீடு பூட்டப்பட்டது. கூட்டுக்குள் தயாராகிவிட்ட தெள்ளு அவசரப்படாது. வாரக்கணக்கில்கூடக் காத்திருந்து, தரை அதிர்ந்து, சூடு நெருங்கி, மூச்சுக்காற்று பட்டால்தான் கூட்டை உடைத்துக்கொண்டு குதிக்கும். நள்ளிரவு விமானத்தில் வந்திறங்கியவர், அரைக்கால் சட்டையோடு, பெட்டியைக் கடகடவென்று படுக்கையறைக்குள் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

விடிந்ததும் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு காலும் சிவப்பு.

"சார், நாய் இன்னும் தங்கச்சி வீட்டுலதான் இருக்கு. ஒரு மாசமா இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கல. இப்ப போய்ப் பூச்சி! நாய்க்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லைன்னு இதுக்கு மேல ப்ரூஃப் வேணுமா?"

சனிக்கிழமை மருந்து அடிக்க ஆள் வருகிறார்கள். முதலில் என் வீட்டில் அடிக்கச் சொல்லியிருக்கிறாராம்.