மாவாட்டும் நேரத்தில் ஒரு ஜாஸ்

'ப்ராமிசஸ்' என்று ஒரு இசைத் தொகுப்பு. தமிழில் சொன்னால் வாக்குறுதிகள். அது வெளியானது 2021 மார்ச் 26. நமக்குச் சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. வாஷிங் மெஷின் வரைக்கும் வாக்குறுதிகள் வீடு தேடி வந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஒன்றை நான் கவனிக்காமல் விட்டதில் வியப்பில்லை.

சில வருடம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "சார், ஜாஸ் பத்தி ஒரு பக்கம் வேணும். எலெக்ட்ரானிக், ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் கலந்து புதுசா வந்தது ஏதாவது. ஆனா ரெண்டு கண்டிஷன். 'மனதை வருடுகிறது' கூடாது. 'காற்றில் கரைகிறது' கூடாது."

இருபத்திரண்டு வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறேன். அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் வீட்டுக் கடனையே வாங்கினேன். கொத்தனாரிடமிருந்து கரண்டியையும் மட்டப்பலகையையும் பிடுங்கிக்கொண்டு, இப்போது சுவர் வையுங்கள் என்றால் என்ன செய்வார்? நான் 'ப்ராமிசஸ்' என்றேன். அதை ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

கேட்காமலே தெரிந்துகொள்ள எவ்வளவோ இருந்தது. இதைச் செய்தவர்கள் மூன்று தரப்பு. ஒருவர் சாம் ஷெப்பர்ட், இங்கிலாந்துக்காரர். மேடைப் பெயர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ். கம்ப்யூட்டரில் தசம எண்களைப் பதிந்துவைக்கும் முறையின் பெயர் அது. நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, சிந்தசைசர் வாசிக்கிறார். நம் ஊர்த் தரகரிடம் இந்த ஜாதகத்தைக் கொடுத்தால் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுவார். இரண்டாமவர் ஃபேரோ சாண்டர்ஸ். 1940இல் அர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் பிறந்தவர். 1965இல் ஜான் கோல்ட்ரேன் குழுவில் சேர்ந்து, சாக்ஸபோனை அலறவும் கதறவும் விட்டவர். 1969இல் 'கர்மா' என்று ஒன்று வெளியிட்டார். அதில் ஒரே பாட்டு முப்பத்திரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். கர்மா என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. மூன்றாவது தரப்பு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின் வகையறா. சாண்டர்ஸ் வாசித்தது 2019இல், லாஸ் ஏஞ்சலஸில். ஆர்க்கெஸ்ட்ராவைப் பதிவு செய்தது 2020இல், லண்டனில். அதாவது, மாப்பிள்ளை ஒரு வருடம் முன்னாலேயே வந்து தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். மேளக்காரர்கள் அப்புறம் வந்து கெட்டி மேளம் வாசித்தார்கள்.

அட்டையில் ஜூலி மெஹ்ரெட்டுவின் ஓவியம். சர்வே ஆபீசின் புலப்பட வரைபடத்தின் மேல் நாலைந்து பிள்ளைகள் கிறுக்கிய மாதிரி இருக்கும். பிடித்திருந்தது. ஆனால் அட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியாது.

முதல் முயற்சியை இரவு பத்தரைக்கு ஹெட்போன் போட்டுப் படுக்கையில் செய்தேன். ஏழு சுரங்கள் சின்ன மணிகளைக் கொட்டிவிட்ட மாதிரி வந்தன. சற்று இடைவெளி. மறுபடி அதே ஏழு. இடைவெளி. மறுபடி அதே ஏழு. எட்டாவது தடவை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் ஹெட்போன் கட்டிலுக்கடியில் கிடந்தது. தூங்கிவிட்டேன் என்பதும் ஒரு விமர்சனம்தான் என்று எழுதலாம். ஆனால் கச்சேரியில் தூங்குவதற்கு முன்வரிசைப் பெரியவர்களுக்கு மட்டுமே உரிமை.

இரண்டாம் முயற்சி, ரேஸ்கோர்ஸ் நடைபாதையில். கோயமுத்தூரில் காலை ஆறரைக்கு ரேஸ்கோர்ஸில் தனியாக நடக்க முடியும் என்று நினைத்தது என் தப்பு. "வணக்கங்க." காதிலிருந்து கழற்ற வேண்டும். "சர்க்கரை எவ்வளவு இருக்குதுங்க?" கழற்ற வேண்டும். "பையன் கனடாவுலயே இருக்கானுங்களா?" இரண்டையும் கழற்ற வேண்டும். மூன்றாம் பகுதியில் சாக்ஸபோன் மிக நெருக்கமாக, பக்கத்தில் ஆள் மூச்சு விடுகிற மாதிரி வந்தது. திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே பக்கத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. மனைவி கிரைண்டர் போட்டிருந்தார். உளுந்து ஆட ஒரு முக்கால் மணி நேரம் ஆகும். 'ப்ராமிசஸ்' மொத்தம் நாற்பத்தாறு நிமிஷம். நிற்காமல் ஓடும் ஒரே இசை, அதற்குள் ஒன்பது பகுதிகள். கிரைண்டர் ஓடும் வீட்டில் யாரும் யாரிடமும் பேச முடியாது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று ஹாலில் ஸ்பீக்கரைப் போட்டேன். கிரைண்டர் சத்தம் பின்னால் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தொகுப்பில் டிரம் கிடையாது. தாளம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அந்தக் குறையைக் கோயமுத்தூர் கிரைண்டர் தீர்த்துவைத்தது.

ஏழு சுரம் தொடங்கியதும் மனைவி அடுப்படியிலிருந்து, "காலிங் பெல்லு!" என்றார். போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தேன். யாருமில்லை. "மறுக்காவும் அடிக்குது!" என்றார். அது பியானோவும் ஹார்ப்சிகார்டும் செலஸ்டாவும் சேர்ந்து எழுப்பும் ஓசை, அப்படித்தான் நாற்பது நிமிஷத்துக்கும் வந்துகொண்டே இருக்கும் என்று விளக்கினேன். "யாருமே திறக்க மாட்டாங்களா?" என்றார். ஷெப்பர்டின் இசையமைப்பைப் பற்றி நான் படித்த நாலு விமர்சனங்களிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை.

அப்போது அத்தை, அதாவது என் மாமியார், ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார். சாக்ஸபோன் நுழைந்திருந்தது. "இது 'டூயட்' படத்துல வர்றதுங்களா மாப்ளே?" என்றார். நம் வீடுகளில் சாக்ஸபோன் என்றால் கதிரி கோபால்நாத்தான். திரையில் பிரபு ஊதினார், பின்னால் அவர் ஊதினார். அதற்கப்புறம் நம் பக்கம் அந்த வாத்தியம் கல்யாண ரிசப்ஷன் மேடையை விட்டு இறங்கவே இல்லை.

"இல்லீங் அத்தை. இவர் அமெரிக்காக்காரர். வாசிக்கறப்போ எழுவத்தெட்டு வயசு."

"என்ர வயசு." கொஞ்ச நேரம் கேட்டார். "பல்லு இருக்குதுங்களா?"

"தெரியலீங்."

"பல்லு செட்டு வெச்சுட்டு ஊத முடியாதுங்க. சொந்தப் பல்லுதான்."

பேச்சு நன்றாகப் போகிறதே என்ற உற்சாகத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தைக்குப் பிறந்த ஊர் செட்டிபாளையத்துக்குப் பக்கம். அந்தச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி என்பவர்தான் பின்னாளில் சுவாமி சச்சிதானந்தா. 1966இல் அமெரிக்கா போனார். 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவர்தான். ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபின் துயரத்தில் இருந்த அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் இந்தச் சாமியிடம் சிஷ்யையாகச் சேர்ந்தார். ஆலிஸ் ஹார்ப் வாசித்தவர். 1971இல் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று சாமி பெயரிலேயே ஒரு தொகுப்பு வெளியிட்டார். பின்னால் தம்புரா மீட்ட, அதில் சாக்ஸபோன் ஊதியவர் இதே ஃபேரோ சாண்டர்ஸ்.

அத்தை ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "நம்ம செட்டிபாளையத்துச் சாமிங்களா?"

"ஆமாங்."

"அப்ப இவரு நமக்கு என்ன வேணும்?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வந்துவிட்டால் பதில் சொல்லாமல் காபிகூட வராது. சாமிக்கு சிஷ்யை அந்தம்மா. அந்தம்மா வீட்டுக்காரர் குழுவில் இருந்தவர் இவர். "பங்காளியாகறாருங்களா, மாமன் மச்சான் வகையா?" என்று அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். சந்நியாசம் வாங்கியவருக்குச் சொந்தமே கிடையாது என்றேன். "சாமிக்குத்தானுங் கிடையாது. ஊருக்கு இருக்குதில்லீங்களா?" என்றார். இசை அதுபாட்டுக்கு நாலாம் பகுதிக்குப் போய்விட்டது.

நாலாம் பகுதியில் சாண்டர்ஸ் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கிறார். பாட்டு இல்லை. சொல்லும் இல்லை. குழந்தையோ மாடோ ஏதோ ஒன்றுக்குப் புரியட்டும் என்பதுபோல வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு, கொஞ்சல், ஒரு செருமல். நான் சுற்றிலும் பார்த்தேன். இந்த இடத்தில்தான் வீட்டில் சிரிப்பார்கள் என்று பயந்திருந்தேன். அத்தை எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

"எங்கய்யன் கவலை ஓட்டறப்போ இப்படித்தானுங் பேசுவாரு" என்றார். "மாட்டுகிட்ட."

கவலை என்றால் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது. கரெண்ட் மோட்டார் வருவதற்கு முந்தைய காலம். மாடுகள் சரிவில் இறங்கும், சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும், மாடுகள் பின்னாலேயே நடந்து சரிவேறும், மறுபடி இறங்கும். விடியுமுன் மாடு பூட்டினால் வெயில் ஏறும்வரை அதே இறக்கம், அதே ஏற்றம், கப்பியின் அதே கிறீச். அத்தை ஸ்பீக்கரைக் காட்டி, "அந்த மணி இருக்குது பாருங்க, அது மாடு. போகுது, வருது. ஊதறாரே, அது தண்ணி. ஒவ்வொரு சாலுக்கும் தண்ணி ஒரே மாதிரி விழாதுங்க" என்றார்.

நான் எழுந்துபோய்ப் பேனா எடுத்து வந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக இசை ஓடும்போதே குறிப்பு எடுத்தேன். (பின்னால் இதை அப்படியே எழுதி அனுப்பியதும் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "கவலையை இறைத்துக் கொட்டும் இசை! பிரமாதம் சார், இந்த மாதிரித்தான் வேணும். கேட்டா மனசுல இருக்கிற கவலையெல்லாம் வெளியே போயிடும், இல்லையா?" ஆமாம் என்றேன். சன்மானம் வருகிற நேரத்தில் வேளாண்மை வகுப்பு எடுக்கக் கூடாது.)

ஆறாம் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமாக எழுந்து நிற்கிறது. எல்லாரும் கொண்டாடும் இடம் இதுதான். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த வீட்டில் திடீரென்று மாப்பிள்ளை அழைப்புக்குப் பத்தாயிரம் வாலா கொளுத்திய மாதிரி. அழகாகத்தான் வெடிக்கிறது. ஆனால் கிழவர் அந்த நேரம் ஓரமாக நின்றுவிடுகிறார். அத்தைக்கும் அதே எண்ணம் போல. "பெரிய மழைங்க. கிணத்துல இறைக்கற வேலை இல்லை" என்றார்.

ஏழாம் பகுதிதான் எனக்கு. சாண்டர்ஸ் திரும்பி வந்து, அந்தப் பழைய அலறலின் ஓரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார். ஷெப்பர்டின் சிந்தசைசர்கள் அவரைச் சுற்றிப் பால் பொங்கும் முன் பாத்திரத்தின் ஓரத்தில் கூடும் நுரை மாதிரி கிளம்புகின்றன. எலெக்ட்ரானிக் என்றால் இடி மாதிரி அடிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள். இங்கே மின்சாரத்துக்கு உள்ள ஒரே வேலை, பெரியவர் மூச்சு வாங்கும்போது அந்த இடத்தைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்வது. ஒரு முப்பது சொச்சம் வயதுக்காரர், அத்தனை மெஷின்களையும் வைத்துக்கொண்டு, எதையும் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு நரம்பியல் படித்திருக்கத்தான் வேண்டும்.

எட்டாம் பகுதியில் ஆர்கன் முழங்கி அடங்கியது. அந்த ஏழு சுரமும் நின்றுவிட்டது. கிட்டத்தட்ட அதே நேரம் அடுப்படியில் கிரைண்டரும் நின்றது. நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முடிந்துவிட்டது என்று அத்தை மாவு வழிக்க எழுந்தார். அவர் அடுப்படி நிலையைத் தாண்டும்போது வயலின்கள் மட்டும் மறுபடி எழும்பி வந்தன. அத்தை கையில் மாவோடு திரும்பி வந்து நின்றார்.

"இன்னும் இருக்குதுங்களா?"

"இது கடைசிங் அத்தை. அவர் இல்லை. வயலின் மட்டும்."

"மாட்டை அவுத்து உட்டாலும் வாய்க்கால்ல சித்த நேரம் தண்ணி ஓடுங்க." கேட்டு முடித்தார். "அவரு இப்ப எப்படி இருக்காருங்க?"

2022 செப்டம்பர் 24இல் இறந்துவிட்டார், எண்பத்தொரு வயது என்று சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த மாவு தரையில் சொட்டியது. "பங்காளின்னா கேட்ட உடனே தலைக்கு ஊத்தோணும்" என்றார். பிறகு அடுப்படியைப் பார்த்தார். இன்னும் அரிசி போட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். "மாமன் மச்சான் வகைதானுங். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பார்க்கிறேன், ஈரத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றினால் மண்டைக்குத்து வரும் என்று எங்களை மிரட்டுகிறவர்.

"ஏனுங் அத்தை?"

"மாவு தெறிச்சிருச்சுங்க" என்றார்.