கிடார் எங்கேடா?

"மாமா, உங்க கிடார் பிரசன்னா கேசட்டை ரீமாஸ்டர் பண்ணிட்டேன். கிறிஸ்டல் கிளியர்!" என்று போன வாரம் மச்சான் மகன் ஒரு ஃபைல் அனுப்பினான். பூந்தமல்லி–ஆவடி சாலையில் லாரிகள் கொஞ்சம் அடங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கிறிஸ்டல் கிளியர்தான். கிடாரைத்தான் காணோம்.

அவன் போட்டது ஆபீஸ் மீட்டிங்குகளுக்காகச் செய்த செயலி. மனிதக் குரல் சரக்கு, மற்றதெல்லாம் குப்பை என்று அதற்குப் பாலபாடம். சுருதிப்பெட்டி ஒரே சீராக ஒலிக்கிறதா, அப்படியானால் ஏ.சி. இரைச்சல், தூக்கு. மிருதங்கமா, யாரோ மேஜையைத் தட்டுகிறார்கள், தூக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியலும் பெர்க்லியில் இசையும் படித்துவிட்டு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்காக 2006-ல் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு ஆல்பமே போட்ட மனுஷன் கமகத்தோடு கம்பியை இழுத்து இழுத்து வாசித்த ஆலாபனை? பின்னணி இரைச்சல். ஒரு மணி நேரக் கச்சேரியில் செயலி சரக்கு என்று ஒப்புக்கொண்டது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு மாமாக்களின் பேச்சை மட்டும்தான்.

இந்த மாமாக்களை எனக்குத் தொண்ணூறுகளிலிருந்தே தெரியும். முணுமுணுப்பாகத் தெரியும். பதிவு செய்தவர் என் சித்தப்பா. மஞ்சப்பைக்குள் மோனோ டேப்ரிக்கார்டரை வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் கையால் தாளமும் போட்டவர். அந்த ரிக்கார்டருக்கு ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் குணம் உண்டு. கைதட்டல் வந்தால் அரண்டு அமுங்கிவிடும். கிடார் அனுசுரத்தில் இழையும்போது காதைத் தீட்டிக்கொண்டு ஹாலில் எங்கே இருமல் என்று தேடிப் போகும். அதனால் ஆலாபனையின் உச்சத்தில் மாமாக்கள்தான் உச்சம்.

அது என்ன ராகம் என்பதில் எங்கள் குடும்பத்தில் பெரிய சண்டை. சித்தப்பா அது வாகதீஸ்வரி என்று சாகும்வரை சாதித்தார். ஆதாரம், முதல் மாமா 'வாக' என்று ஏதோ சொல்வது கேசட்டிலேயே இருக்கிறது, முன்வரிசைக்காரர் தெரியாமலா சொல்வார் என்பது. இப்போது துல்லியமாகக் கேட்கிறது. மாமா சொன்னது பாரிவாக்கம்.

"பாரிவாக்கத்துல ஒரு கிரவுண்டு வருது ஓய்."

"அது எங்க இருக்கு?"

"பூந்தமல்லி தாண்டி."

"பூந்தமல்லியே தாண்டித்தானே ஓய் இருக்கு! அங்க ஏரியும் தவளையும் இருக்கும். மனுஷன் இருப்பானா?"

இருக்கிறேன் ஐயா. அந்த ஏரிக்குப் பக்கத்தில், அந்தத் தவளைகளோடுதான் இருக்கிறேன். மாமா வேண்டாமென்று தள்ளிய மண்ணைப் பல வருஷம் கழித்து வங்கிக்கடன் போட்டு வாங்கியவன் நான். சரி, அன்றைக்கு என்ன விலைதான் சொன்னார்கள்? அந்த இடத்தில் ஓர் இருமல். செயலி இருமலைச் சுத்தமாக எடுத்துவிட்டது, விலையையும் சேர்த்து. பழைய கேசட்டை எடுத்து அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆயிரமா, லட்சமா? "ம்ஹ்ஹும்" என்றுதான் வருகிறது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவரவர் மனசுக்குத் தோன்றிய தொகையைச் சொன்னார்கள். எந்தத் தொகையும் என் ஈ.எம்.ஐ.க்கு ஆறுதலாக இல்லை. அதற்குள் இரண்டாவது மாமா பேச்சை மாற்றி, மகளுக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருப்பதாக ஆரம்பிக்கிறார். பையனுக்கு நல்ல வேலையாம், செவ்வாய்தான் இடிக்கிறதாம். இவ்வளவுக்கும் நடுவில் 'ஆஹா' வேறு. எதற்கு ஆஹா? அவர் காதில் கிடார் விழுந்திருக்க வாய்ப்பே இல்லையே!

"கிடார் எங்கேடா?" என்று கேட்டதற்கு அடுத்த நாளே இரண்டாம் பதிப்பு வந்தது. இந்த முறை வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருளாம். அதனிடம் இருப்பவை நான்கே டப்பா: குரல், டிரம்ஸ், பேஸ், இதர. வயலின் வளைந்து நெளிந்ததால் பாதி நேரம் குரலில் போய் விழுந்திருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி பேஸில், வலந்தலை டிரம்ஸில். ஒரே வாத்தியத்துக்குப் பாகப்பிரிவினை. கிடார் 'இதர'வில். ரேஷன் கார்டில்கூட நான் இப்படி ஒரு அவமானத்தைப் பார்த்ததில்லை.

"பீட்டில்ஸுக்கே இப்படித்தான் மாமா பண்ணினாங்க" என்கிறான். பண்ணினார்கள்தான். ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு பாடி வைத்த கேசட்டிலிருந்து அவர் குரலைப் பிரித்தெடுத்து 2023-ல் 'நவ் அண்ட் தென்' வெளியிட்டார்கள். அவர்களுக்கு பீட்டர் ஜாக்சன் இருந்தார். எனக்கு இவன். இவனுக்கு செமஸ்டர் லீவு.

யாருடா உன்னைச் சுத்தம் செய்யச் சொன்னது? அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் ரசிகர்கள் பதிவு செய்வதற்கென்றே 1984-ல் தனி டிக்கெட், தனி இடம் ஒதுக்கினார்கள். இங்கே சித்தப்பா வாசலில் நின்ற தொண்டரிடம் "பையில் வெற்றிலைப் பெட்டி" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனார். இருமல், மின்விசிறி, பை சரசரப்பு எல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன. இரைச்சலில்லாத கிடார் வேண்டுமென்றால் அதற்கு சி.டி. இருக்கிறது. காசு கொடுத்து வாங்கேன்!

இதை அவனிடம் சொல்ல முடியவில்லை, மூன்றாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறதாம். முதல் பதிப்பை அழிக்கலாமென்று போனால் மனைவி விடவில்லை. அவள் தினமும் கேட்கிறாள். கிடாருக்காக அல்ல, அந்த ஜாதகத்துக்காக. செவ்வாய் தோஷத்துக்கு யாரோ ஜோசியரைப் பார்க்கலாம் என்று முதல் மாமா யோசனை சொல்ல, "பார்த்தாச்சு ஓய், அவர் என்ன சொன்னார்னா" என்று இரண்டாமவர் தொடங்குகிறார். அங்கே பி பக்கம் தீர்ந்துவிடுகிறது.