ஆறும் மூன்றும் இரண்டு!

கேள்வி: 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம் வருகிறதாம். இரண்டு தடைகள் சேர்ந்தால் தடை குறையுமா?

பதில்: தியேட்டரில் இரண்டாவது டிக்கெட் கவுண்டரைத் திறந்தால் கூட்டம் சீக்கிரம் கரைகிறதே, அதே கதைதான். அங்கே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு மந்தமானவராக இருந்தாலும் சரி. 12 வோல்ட் பேட்டரியில் 6 ஓம் வழியே 2 ஆம்பியர் போகும், 3 ஓம் வழியே 4 ஆம்பியர். பேட்டரி தருவது மொத்தம் 6 ஆம்பியர். 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஓம். தலைகீழ்ப் பின்னம் இல்லாமலே விடை வந்துவிட்டது.

பின்னத்தின் வழியே போகிறவர்கள் 1/6, 1/3 இரண்டையும் கூட்டி, 1/2 என்று கண்டதும் கவிழ்க்க மறந்து அரை ஓம் என்று எழுதிவிடுவார்கள். இரண்டே தடைகள் என்றால் விடை சிறியதைவிடக் குறைவாகவும், அதில் பாதிக்குக் குறையாமலும் இருக்கும். இங்கே 1.5-க்கும் 3-க்கும் நடுவில். அரை ஓம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: பெருக்கிக் கூட்டலால் வகுக்கும் குறுக்குவழி மூன்று தடைகளுக்கும் செல்லுமா?

பதில்: செல்லாது. மூன்று ஓம்களைப் பெருக்கி ஓமால் வகுத்தால் மிஞ்சுவது ‘சதுர ஓம்’. அதை விற்கும் கடை சென்னை ரிச்சி தெருவில்கூடக் கிடையாது. முதல் இரண்டை ஒன்றாக்கிக்கொண்டு மூன்றாவதிடம் போகலாம்.

கேள்வி: அதே ஜோடிக்கு முன்னால் 4 ஓம் ஒன்றைத் தொடராக மாட்டினால்? 6 ஓமில் ஓடுவது 2 ஆம்பியர்தானே?

பதில்: 12 வோல்ட்டும் தனக்கே என்று 6 ஓம் நினைத்துக்கொண்டால் அப்படித்தான் வரும். மொத்தத் தடை 4 + 2, அதாவது 6 ஓம். மின்னோட்டம் 2 ஆம்பியர். 4 ஓம் தன் பங்காக 8 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடுகிறது. மிச்சம் 4 வோல்ட். ஆகவே 6 ஓமில் 0.67 ஆம்பியர், 3 ஓமில் 1.33. கூட்டினால் பழைய 2. சந்திப்புக்கு வருவதும் அங்கிருந்து கிளம்புவதும் சமம் என்ற விதியை 1845-இல் தந்த கிர்க்காஃப், அப்போது 21 வயது மாணவர். மாணவர்களைப் பாடாய்ப்படுத்தும் விதி வெளியாள் போட்டதல்ல.

கேள்வி: 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பளிச்சென்று எரியும்?

பதில்: 60. தாராளமாகப் பந்தயம் கட்டலாம். 230 வோல்ட்டில் எரியும்போது 100 வாட் பல்பின் தடை 529 ஓம், 60 வாட்டுக்கு 882. தொடரிணைப்பில் இரண்டிலும் ஓடுவது ஒரே 0.16 ஆம்பியர்தான். தடை கூடினது அதிகம் வாங்கிக்கொள்ளும்: 23 வாட். மற்றதற்கு 14. இழையின் சூடு குறைந்தால் தடையும் குறையும் என்பதால் நிஜ எண்கள் கொஞ்சம் நகரும், ஜெயிப்பவர் மாறமாட்டார்.

கேள்வி: சீரியல் செட் மாதிரி வீட்டு வயரிங்கையும் தொடராகவே போட்டால் கரண்ட் பில் குறையுமே?

பதில்: குறையும். ஃபேனை அணைத்தால் ஃபிரிட்ஜும் நிற்கும் வீட்டில் பில் குறையாமல் என்ன செய்யும்? பக்க இணைப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஆம்பியர்கள் கூடிக்கொண்டே போகும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 750 வாட் அயர்ன் பாக்ஸும் 1500 வாட் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் 3.3 + 6.5 = 9.8. இதில் கெட்டில் தனியாகவே வரம்பைத் தாண்டிவிட்டது. அயர்ன் பாக்ஸ் சும்மா துணைக்கு.